ஒரு விரிவுரையாளர் இடம் எப்படிப் பிறக்கிறது?

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றபோது என் மருமகள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மாமா, எங்கட துறையில படிப்பிக்க ஆள் இல்லை எண்டு எல்லாரும்தான் சொல்றாங்க. பிறகு ஏன் விளம்பரம் மட்டும் வருதில்ல?"

அவள் என் அக்காவின் மகள். கலைப்பாடம் ஒன்றில் நல்ல வகுப்போடு சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு, ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வேலைவாய்ப்புப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள். நானும் ஒரு காலத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராக இரண்டு வருடம் ஓடியவன்தான். ஆனாலும் பஸ் வருவதற்குள் பதில் சொல்லி முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கம்பஸ் வேலையைப் பற்றி ஊரில் இருக்கும் எண்ணம் எளிமையானது. ஒரு சேர் ஓய்வு பெறுவார், கதிரை காலியாகும், அந்தக் கதிரையில் இன்னொருவர் போய் உட்காருவார். பள்ளிக்கூடத்தில் அப்படி நடக்கலாம். கணித ஆசிரியர் போனால் கணித ஆசிரியர் வர வேண்டும். பாடத்திட்டம் கொழும்பில் எழுதப்பட்டு வருகிறது, அதை யாரும் மாற்றப் போவதில்லை. பல்கலைக்கழகத்தில் பாடத்தை எழுதுகிறவரும் படிப்பிக்கிறவரும் ஒரே ஆள். அதனால் ஒருவர் போகும்போது அவரோடு சில பாடங்களும் போய்விடும். வருகிறவர் வேறு பாடங்களைக் கொண்டு வருவார். யாரை எடுப்பது என்று தீர்மானிக்கிறபோதே என்ன படிப்பிக்கப் போகிறோம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அதுவும் எவ்வளவு காலத்துக்கு? இலங்கையில் பல்கலைக்கழக ஆசிரியரின் ஓய்வு வயது 65. இருபத்தெட்டு வயதில் ஒரு பிள்ளையை எடுத்தால் 37 வருடம். அந்த நேர்முகத் தேர்வு நடக்கும் நாளில் பிறந்திராத பிள்ளைகள்கூட அவரிடம் படிக்கலாம்.

இந்தத் தொடர்பு மறைக்க இடமில்லாமல் வெளியே தெரிவது அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் கலைப்பீடம் என்று நினைத்துவிடுவார்கள். அது இல்லை. பழைய ரோமில் அடிமையல்லாத மனிதன் கற்கத் தகுந்தவை என்று கருதப்பட்ட கலைகளிலிருந்து வந்த பெயர் அது. பின்னர் ஐரோப்பாவில் அவை ஏழாக நிலைத்தன: இலக்கணம், தர்க்கம், சொற்கலை, எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல். பாதிக்கு மேல் கணக்குச் சார்ந்தவை, பாருங்கள். வில்லியம்ஸ் (1793), அம்ஹர்ஸ்ட் (1821), ஸ்வார்த்மோர் (1864) போன்ற கல்லூரிகள் இந்த மரபில் வந்தவை. மாணவர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். பெரும்பாலும் இளங்கலைப் படிப்பு மட்டும்தான். பௌதிகவியலும் தத்துவமும் நடனமும் ஒரே வளவுக்குள் இருக்கும். ஒரு மாணவி மூன்றையும் எடுக்கலாம். இரண்டாம் வருட முடிவில்தான் தன் முதன்மைப் பாடம் எது என்று சொல்ல வேண்டும். நான்கு வருடத்தில் பொதுவாக 32 பாடங்கள். அதில் மூன்றிலொரு பங்கு அளவே முதன்மைப் பாடத்துக்கு. மற்றதெல்லாம் வெளியே மேய்ச்சல்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில், டானியல் பூர் தலைமையில், தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. 1855இல் அதை மூடினார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான்.

சரி, ஆள் எடுக்கும் விடயத்துக்கு வருவோம்.

இப்படியான சிறிய கல்லூரியில் வரலாற்றுத் துறை என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர். ஒருவர் வருடத்துக்கு ஐந்து பாடம் எடுக்க வேண்டும். ஒரு அரையாண்டில் மூன்று, மற்றதில் இரண்டு. ஆறு ஐந்து முப்பது. ஆனால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு விடுமுறை இருப்பதால் ஏறத்தாழ ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் இருக்க மாட்டார். ஐந்தைக் கழியுங்கள், 25. துறைத்தலைவருக்கு நிர்வாக வேலைக்காக ஒரு பாடம் குறைப்பார்கள், 24. இனிச் செலவுப் பக்கம். முதன்மைப் பாடமாக வரலாறு எடுப்பவர்களுக்குக் கட்டாயம் நடத்த வேண்டியவை 10. முதலாம் வருட அறிமுக வகுப்புகள் 6. வேறு துறைகளோடு சேர்ந்த கற்கைநெறிகளுக்குக் கொடுக்க வேண்டியவை 4. மொத்தம் 20. மிச்சம் நான்கே நான்கு பாடங்கள். யாராவது புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டுமென்றால் அந்த நான்கிற்குள்தான்.

இப்போது ஒருவர் ஓய்வு பெறுகிறார். 24இல் ஐந்து போய் 19. கட்டாயமான 20க்கே ஒன்று போதவில்லை. ஒரு மனிதர் போனதில் ஒரு துறை மூச்சுத் திணறத் தொடங்கிவிடுகிறது. நான் சொன்ன எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால் எந்தத் துறைக் கூட்டத்திலும் ஒரு கடதாசியில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்போது அந்தத் துறை என்ன செய்யும்? 'எங்களுக்கு ஆள் வேண்டும்' என்று டீனுக்கு எழுதும். இதே நேரம் உயிரியல் துறையிலும் ஒருவர் போயிருப்பார், கணினித் துறையில் பிள்ளைகள் இரண்டு மடங்காகியிருப்பார்கள். கல்லூரியிடம் இருக்கும் காசுக்கு இரண்டு இடம்தான் முடியும் என்றால் மூன்று துறையும் போட்டி போட வேண்டும். வெறுமையான இடம் துறைக்குச் சொந்தமில்லை, கல்லூரிக்குச் சொந்தம் என்பது அங்கே பல இடங்களில் எழுதப்பட்ட அல்லது எழுதப்படாத விதி. நம்மவர்கள் இதைக் கேட்டால் கொதிப்பார்கள். 'எங்கட இடத்தை எப்படி அவனுக்குக் குடுக்கலாம்?' எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், காணியைப் பரம்பரையாகப் பிரிப்பது போல இடங்களைப் பிரித்தால் எந்தப் புதிய படிப்பும் ஒருநாளும் தொடங்க முடியாது.

அதனால் கோரிக்கைக் கடிதத்தில் 'எங்கள் சேர் போய்விட்டார்' என்று எழுதினால் வேலைக்காகாது. வருகிறவர் எந்தெந்தப் பாடங்களை நடத்துவார், அவற்றில் எவை வேறு துறைப் பிள்ளைகளுக்கும் உதவும், அவர் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று காட்ட வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐரோப்பிய வரலாற்றுக்காரர் போனார் என்பதற்காக ஐரோப்பிய வரலாற்றுக்காரரையே கேட்பது பாதுகாப்பான வழி. கடந்த பத்து வருடத்தில் அந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்து, கேட்பதையே மாற்றுவது துணிவான வழி. எது சரியென்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆள் வரவில்லை என்பதற்காகவே ஒரு பாடத்தைத் தூக்கியெறிந்தால் பிறகு சமஸ்கிருதமும் பாளியும் எங்கேயும் மிஞ்சாது.

இடம் கிடைத்தபின் விளம்பரம், பல நூறு விண்ணப்பங்கள், சிறு பட்டியல், காணொளியில் முதல் நேர்காணல். கடைசி மூன்று நான்கு பேரைக் கல்லூரிக்கே அழைத்து ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். உண்மையான மாணவர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். டீனோடு பேச வேண்டும், மாணவர்களோடு மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும். வேலை கிடைத்தாலும் அது நிரந்தரம் இல்லை. பொதுவாக ஆறாம் வருடத்தில் பெரிய மதிப்பீடு வரும்; தேறினால் நிரந்தரம், இல்லையேல் வெளியே. நிரந்தரமாக்காமல் ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்கக் கூடாது என்ற எல்லை 1940இல் அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்த வழக்கம்.

இனி நம் ஊர். இங்கே ஏணி வேறு, ஆனால் ஏறும் சுவர் ஒன்றுதான்.

நம் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒரு புதிய கற்கைநெறி வேண்டுமென்றால் துறையில் வரைந்து, பீடச்சபையில் வைத்து, பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவையில் (செனட்) தேறி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி வரை போக வேண்டும். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்துக்கு அது பொருந்த வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து. ஆக ஒரு வருடம் 1500 மணித்தியாலம். சட்டகம் பிள்ளையின் நேரத்தை இப்படி மணிக்கணக்காக அளக்கிறது. படிப்பிக்கிறவர் யார் என்ற கேள்விக்கு வேறு கந்தோருக்குப் போக வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பெயர் ஆளணி. ஒரு துறைக்கு எத்தனை விரிவுரையாளர் இடம் என்று அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை அது. சம்பளம் திறைசேரியிலிருந்து வருவதால் பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி அதைக் கூட்ட முடியாது. ஆணைக்குழுவுக்குப் போய், முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்துக்குப் போய், திரும்பி வர வேண்டும். ஆளணி இருந்தாலும் அதை நிரப்ப அனுமதி வேண்டியிருக்கும் காலங்கள் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒருபக்கம் ஆட்சேர்ப்பு இறுகியது, மறுபக்கம் இருந்தவர்கள் பலர் வெளிநாடு போனார்கள்.

என் மருமகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. 'ஆள் இல்லை' என்பது ஒரு விடயம், 'இடம் இல்லை' என்பது இன்னொரு விடயம். ஆய்வு விடுமுறையில் போனவர், கலாநிதிப் பட்டம் படிக்கச் சம்பளத்தோடு வெளிநாடு போனவர், இவர்களெல்லாம் வகுப்பறையில் இல்லை, ஆளணியில் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு விளம்பரம் போட முடியாது. அப்புறம் யார் வகுப்பு எடுப்பது? தற்காலிக உதவி விரிவுரையாளர்களும், மணித்தியாலக் கணக்கில் வரும் வருகை விரிவுரையாளர்களும். நான் ஓடிய இரண்டு வருடத்தில் எனக்குத் தந்த பாடங்களில் ஒன்றை நான் மாணவனாகக்கூடப் படித்ததில்லை. முந்திய வருடம் எடுத்தவர் விட்டுப்போன குறிப்புகளை இரவில் படித்துக் காலையில் சொன்னேன். அந்த வருடப் பிள்ளைகளிடம் எனக்கு இன்னும் ஒரு கடன் இருக்கிறது.

நிரந்தர இடம் என்றால் விளம்பரம் வந்தபின் உபவேந்தர் தலைமையில் தெரிவுக்குழு. பீடாதிபதி, பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சபையான பேரவையின் பிரதிநிதிகள் போன்றோர் இருப்பார்கள். இறுதி நியமனம் பேரவையின் கையில். அடிப்படைக் கதவு தகுதிகாண் விரிவுரையாளர் பதவி: அதே பாடத்தில் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சிறப்புப் பட்டம். பிறகு பட்டப்பின் படிப்பை முடித்து நிரந்தரமாகி, சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று ஏற வேண்டும். அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்தோடு உள்ளே வருகிறார்கள்; இங்கே உள்ளே வந்தபின் அதை எடுக்கிறார்கள். வசதி குறைந்த இடத்துப் பிள்ளைக்கு இது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் இன்னொரு பக்கம், துறை தன்னுடைய சிறந்த மாணவரையே திரும்பத் திரும்ப எடுப்பது. அவர் தன் ஆசிரியர் சொல்லித்தந்ததையே சொல்லித்தருவார். முப்பது வருடத்தில் துறை தன் எதிரொலியையே கேட்டுக்கொண்டிருக்கும்.

'அதே பாடத்தில்' என்ற அந்த விதியை நினைக்கும் போதெல்லாம் எனக்குக் காரைதீவில் பிறந்த ஒருவரின் நினைவு வரும். சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழரின் யாழைக் கணிதமும் இசையும் தெரிந்த கண்ணோடு ஆராய்ந்தவர். பழைய ஏழு கலைகளில் பாதியை ஒரே தலைக்குள் வைத்திருந்த மனிதர். இன்றைய விதியோடு தமிழ்த்துறையில் தகுதிகாண் விரிவுரையாளர் இடத்துக்கு அவர் விண்ணப்பித்தால், விஞ்ஞானப் பட்டம் என்று முதல் மேசையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். கல்லடியில் அழகியற் கற்கைகளுக்கான நிறுவகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம்.

எந்தப் படிப்பு முதலில் வருகிறது என்பதும் திட்டமிடலின் பகுதிதான். 1981 ஓகஸ்ட் 1இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது இருந்தவை விஞ்ஞானமும் விவசாயமும். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. கலைப்பீடம் அதற்குப் பிறகுதான் வந்தது. கூத்தும் கண்ணகி வழிபாடும் வீட்டு முற்றத்தில் கிடந்த ஊரில், அவற்றைப் படிப்பாக்கும் பீடம் பின்னால்தான் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் 1995இல் அட்டாளைச்சேனையில் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாகி, இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தனக்கென இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் ஒரு பீடத்தை அமைத்துக்கொண்டது. சூழலைப் பார்த்து எடுத்த முடிவு அது.

ஒரு விளையாட்டுக்கு நாமே ஒரு கற்கைநெறியைத் திட்டமிட்டுப் பார்ப்போம். 'வாவிக் கற்கை' என்று வைப்போம். மட்டக்களப்பு வாவியை ஒரு துறையால் படிப்பிக்க முடியாது. மீனையும் இறாலையும் கண்டலையும் விலங்கியலும் தாவரவியலும் சொல்லும். நீர் எப்போது கடலுக்கு வெட்டிவிடப்படுகிறது, வெள்ளம் எந்தக் கிராமத்தில் ஏறுகிறது என்பது புவியியல். வலை வீசுகிறவரின் கடன் பொருளியல். 2004 சுனாமிக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் எங்கே போயின என்பது சமூகவியல். கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் கேட்கும் மீன் பாட்டு தமிழுக்கா, விலங்கியலுக்கா, பௌதிகவியலுக்கா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பறங்கியர் வீடுகளில் மிஞ்சியிருக்கும் போர்த்துக்கேயக் கிரியோலுக்கு மொழியியலாளர் வேண்டும்.

பத்துப் பாடம் போதும் என்று வையுங்கள். அவற்றில் ஏழு பாடங்களை இருக்கிறவர்களே எடுக்கலாம். அவரவர் துறையிலிருந்து வருடத்துக்கு ஒரு பாடத்தை இங்கே இரவல் தர வேண்டும். மேலே பார்த்த கணக்கை நினையுங்கள். மிச்சமாக நான்கு பாடம் மட்டும் வைத்திருக்கும் துறை அதில் ஒன்றைத் தர எவ்வளவு யோசிக்கும்! தருவதாகச் சொன்ன நல்ல மனிதர் அடுத்த வருடம் ஆய்வு விடுமுறையில் போனால் அந்தப் பாடம் தொங்கும். ஆகவே மீதி மூன்று பாடத்தையும், நெறியின் பொறுப்பையும் தாங்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும். அவர் எந்தத் துறையில் இருப்பார்? புவியியலில் என்றால் விளம்பரத்தில் புவியியல் சிறப்புப் பட்டம் என்று போடுவார்கள்; வாவியில் பத்து வருடம் ஆய்வு செய்த விலங்கியல்காரர் விண்ணப்பிக்க முடியாது. கலைப்பாடங்கள் பெரும்பாலும் தமிழிலும் விஞ்ஞானம் ஆங்கிலத்திலும் நடப்பதால் ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளையும் எந்த மொழியில் இருத்துவது என்பதும் இருக்கிறது. அழகான யோசனைகள் பல மூதவைக்குப் போகாமல் மேசை லாச்சியில் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: இரண்டு துறைகளுக்கும் பொதுவாக ஒருவரை எடுப்பது. காகிதத்தில் நன்றாக இருக்கும். இரண்டு துறைக் கூட்டத்துக்கும் போய், இரண்டு துறைத்தலைவருக்கும் பதில் சொல்லி, நிரந்தரமாகும் நேரத்தில் இரண்டு பக்கமும் 'அவர் முழுவதும் எங்கட ஆள் இல்லை' என்று சொல்லும் நிலையும் வரும். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதை.

பஸ் வருவதற்குள் இதில் சொல்ல முடிந்ததை மருமகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப நான் என்ன செய்யிற?" என்றாள்.

விளம்பரத்தைக் கணக்காக வாசி என்றேன். வெறுமனே பாடத்தின் பெயர் மட்டும் இருந்தால் கதிரையை நிரப்புகிறார்கள். 'இன்ன பிரிவில் ஆய்வு செய்தவர் விரும்பப்படுவார்' என்று ஒரு வரி இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கூட்டமும் ஒரு கணக்கும் நடந்திருக்கிறது. நேர்முகத்துக்குப் போகும் முன் அந்தத் துறையின் மாணவர் கையேட்டை எடுத்து, எந்தப் பாடத்தை இப்போது வருகை விரிவுரையாளர்கள் எடுக்கிறார்கள், எது இரண்டு வருடமாக நடக்கவில்லை என்று விசாரி. 'எனக்குப் படிப்பிக்க விருப்பம்' என்று எல்லாரும் சொல்வார்கள். 'உங்கள் மூன்றாம் வருடத்தில் நின்றுபோன இந்தப் பாடத்தை நான் இப்படி நடத்துவேன்' என்று சொல்கிறவள் வேறு மாதிரித் தெரிவாள். வகுப்பும் புள்ளியும் இல்லாமல் இது உதவாது. இரண்டு பேர் ஒரே புள்ளியில் நிற்கும்போது உதவும்.

பஸ்ஸில் சனம் நிறைந்திருந்தது. ஏறாவூர் தாண்டி அவளுக்கு இருக்கக் கிடைத்தது. பையிலிருந்து தன் பழைய மாணவர் கையேட்டை எடுத்து, நின்றுபோன பாடங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளடி போடத் தொடங்கினாள். மட்டக்களப்பு நகரத்துக்குள் பஸ் நுழையும்போது ஒன்பது புள்ளடி ஆகியிருந்தது.